ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது

மீன் பிடிக்கக் கிடைத்த பத்து நாள் அனுமதியில் ஒன்பது நாள் போய்விட்டது. பத்தாம் நாள் விடியும்போதே மேகம் மலைமுகட்டை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. பழைய மர ஆலை மேட்டில் ராசிம் காரை நிறுத்தியபோது, அங்கே ஏற்கெனவே ஒரு வண்டி நின்றது. அதில் சாய்ந்தபடி விளாட்கோ சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். ஊர் மீன்பிடிச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

"ஜும்ரா, இன்னிக்குப் பொழுதோட காகிதம் முடியுது. தெரியும்ல?" என்றார், ராசிமின் தங்கையைப் பார்த்து.

"எனக்கும் படிக்கத் தெரியும் தலைவரே."

"கோவிச்சுக்காத. திங்கக்கெழம பண்ணையிலேருந்து மீன்குஞ்சு லாரி வருது. நீயும் எவ்வளவோ பாத்துட்ட, யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டாங்க. மீனுன்னா மீனுதானே? ஆத்துல விட்டா அது பாட்டுக்கு வளரப்போவுது. அதுக்கென்ன பொறந்த ஊரா, வந்த ஊரா?"

"உங்க மாமியார் வீட்டுல ஒரு வாரம் இருந்துட்டு வந்து இதைச் சொல்லுங்க, கேக்குறேன்."

விளாட்கோ சிரித்தார், சிரிப்பு இருமலானது. ஜும்ரா தூண்டில் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். ராசிம் அலுமினியக் கேனை முதுகில் கட்டிக்கொண்டு பின்னால் போனார்.

முந்தின வருஷத்துக் கோடையில், மேலேயிருந்து யாரோ திறந்துவிட்ட சுண்ணாம்புக் கழிவு லிசாவா ஆற்றில் இறங்கியது. ஒரே ராத்திரியில் பதினோரு கிலோமீட்டருக்கு மீன்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. அருவிக்கு மேலே, பாறை இடுக்கில் ஓடும் பகுதியில் மட்டும் பழைய டிரவுட் மீன்கள் கொஞ்சம் தப்பின. வெறும் ஆற்றை நிரப்ப எந்தப் பண்ணைக் குஞ்சும் போதும். ஆனால் ஜும்ராவுக்கு லிசாவாவின் சொந்த விதை வேண்டும்: வெள்ளை விளிம்பு கட்டிய பெரிய சிவப்புப் புள்ளி போட்ட மீன். அதற்கு, முட்டை பழுத்த ஒரே ஒரு பெண் மீன் கிடைத்தால் போதும். கிடைத்தால் ஊற்றடியில், முட்டை பொரிக்கும் குஞ்சுக்கூடத்தின் மரத்தொட்டியில் ஆயிரம் முட்டை கிடக்கும். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை லாரி.

அரசாங்கக் காகிதம் கண்டிப்பாக எழுதப்பட்டிருந்தது. வலை வீசக்கூடாது, மின்சாரம் கூடாது. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டிய ஈத் தூண்டில் மட்டும், முள்ளில் கவ்விப் பிடிக்கும் எதிர்முள் இருக்கக்கூடாது, பொழுது சாயும்வரைதான். ஒன்பது நாளில் அவள் பதினான்கு ஆண் மீன் பிடித்தாள். பெண் இரண்டு. ஒன்றின் வயிறு கல் மாதிரி இருந்தது, இன்னும் பழுக்கவில்லை. மற்றது ஏற்கெனவே முட்டை விட்டு, காலிப் பையாகத் தொங்கியது. தொட்டியில் வைத்திருந்த இரண்டு ஆண்களும் பூஞ்சை பிடித்துப் போன வாரம் செத்தன. "போனா போவட்டும், ஆம்பளைக்கு எங்க பஞ்சம்? நின்ன எடத்துல நாலு பேரு நிப்பான்" என்று அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

பாறை இடுக்குக்குப் போக ஒன்றரை மணி நேர நடை. ராசிமின் வலது முழங்கால் ஏற்றத்தில் ஒத்துழைத்தது, இறக்கத்தில் சண்டை போட்டது. போர்க்காலத்து இரும்புத் துண்டு ஒன்று இன்னும் அதற்குள் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் அவர் படுக்கையில் கிடந்தபோது, இருபது வயது ஜும்ரா அவருடைய பட்டாளக் கோட்டிலிருந்து நூலை உருவி ஈ கட்டி, ஒரு வில்லோ மரக் கம்பில் லிசாவாவின் மீனைப் பிடித்து நான்கு வயிற்றை நிரப்பினாள். அப்போது அவள் கட்டிய ஈக்களைப் பார்த்தால் கரப்பான் பூச்சி மாதிரி இருக்கும். மீனுக்கு அது தெரியவில்லை. எழுந்து உட்கார முடிந்ததும் ராசிம் செய்த முதல் வேலை, அந்த ஈக்களைப் பிரித்து ஒழுங்காகக் கட்டிக் கொடுத்ததுதான். அன்றிலிருந்து அவர் கட்டுவார், அவள் வீசுவாள்.

அதற்குப் பிறகு அவள் செருப்பு ஆலையில் பன்னிரண்டு வருஷம் தைத்தாள். ஆலை மூடியதும் பள்ளிக்கூடச் சமையலறையில் பெரிய அண்டாக்களோடு மல்லுக்கட்டினாள். புருஷன் சேயாத் ஆஸ்திரியாவில் கட்டட வேலையில் இருந்தான், வருஷத்துக்கு இரண்டு முறை வருவான். ஆற்றுக் காவலர் வேலைக்கு ஆள் கிடைக்காமல் சங்கம் தவித்தபோது, அவள் போய்க் கேட்டாள். "பொம்பளை எப்படித் திருடனை விரட்டுவா?" என்று ஒருத்தர் கேட்டார். அடுத்த மாதம் அவருடைய மச்சானையே வலையோடு பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினாள். ராசிம் இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். அவள் இருக்கும்போது மட்டும் சொல்ல மாட்டார்.

மத்தியானம்வரை ஒன்றுமில்லை. இரண்டு ஆண் மீன் வந்தன. இரண்டையும் தண்ணீருக்குள்ளேயே முள் கழற்றி விட்டாள். "முதல்ல பொண்ணு. மாப்பிள்ளை அப்புறம்" என்றாள். பனி தூற ஆரம்பித்தது. இருவரும் கரையோடு குனிந்தே நடந்தார்கள். ஆற்றின் அடியில் அங்கங்கே சரளைக்கல், துடைத்து வைத்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. மீன் வாலால் தோண்டிய முட்டைக்குழிகள் அவை. அதன்மேல் கால் வைப்பவனை ஜும்ரா மன்னிக்க மாட்டாள்.

அவள் கீழ்மடுவைப் பார்க்கப் போன நேரத்தில் ராசிம் ரொட்டியை எடுக்கப் பையைத் திறந்தார். உள்ளே ஒரு வெள்ளை எனாமல் கிண்ணம் இருந்தது. கிழங்கு வைத்துச் சுட்ட நேற்றைய பிட்டாவின் துணுக்கு இரண்டு அதில் ஒட்டியிருந்தது. அழுக்குப் பாத்திரத்தைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. ஆற்று மணலைப் போட்டுத் தேய்த்து, மூன்று முறை அலசி, துண்டால் துடைத்து, கல்மேல் கவிழ்த்து வைத்தார். துண்டையும் பிழிந்து கிளையில் போட்டார்.

கீழிருந்து ஒரு விசில் வந்தது. மெதுவான, ஒரே ஒரு விசில். அவர் கேனையும் பையையும் கிண்ணத்தையும் துண்டையும் அள்ளிக்கொண்டு, முழங்காலைத் திட்டிக்கொண்டே இறங்கினார்.

ஜும்ரா ஒரு பாறைக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தாள். திரும்பாமலே விரலை நீட்டினாள். விழுந்து கிடந்த பெரிய காட்டு மரத்தின் ஓரமாக, முழங்கால் ஆழத்தில், ஒரு கரும்பழுப்பு நிழல் நின்றது. முன்கை நீளம் இருக்கும். வயிறு இரண்டு பக்கமும் உப்பியிருந்தது.

"வயித்தைப் பாத்தியா அண்ணே?"

"பாத்தேன்."

"வாலைப் பாரு. அடி விளிம்பு தேஞ்சிருக்கு. தோண்ட ஆரம்பிச்சிட்டா. இன்னிக்கு ராத்திரி விட்டுடுவா."

"அப்ப சீக்கிரம் வீசு."

"சீக்கிரம் வீசுனா சீக்கிரம் ஓடிடும். நீ வாயை மூடு."

முயல் காது மயிரில் ராசிம் கட்டிய ஈ அவளுடைய தூண்டில் நரம்பின் நுனியில் இருந்தது. கல்லடியில் ஊரும் சிறு இறால் பூச்சியின் சாயல். அவள் அதை மேல்நீரில் விழவைத்தாள். அது உருண்டு மீனின் மூக்கைத் தாண்டிப் போனது. மீன் அசையவில்லை. மறுபடி. மறுபடி. பிள்ளை வலி கண்டவளுக்குப் பசி ஏது? ஆனால் வாய்க்கு நேரே தொடர்ந்து ஒன்று வந்துகொண்டே இருந்தால் எரிச்சலிலாவது வாய் திறக்கும். ஒரு கை தள்ளிப் போனால் பயனில்லை. ஒரு கை நெருங்கினால் நரம்பு முதுகில் உரசும், மீன் போய்விடும்.

ராசிம் எண்ணுவதை நாற்பதில் நிறுத்திவிட்டார். பனி இப்போது நன்றாகவே விழுந்தது. அவள் தொப்பி வெளுத்தது, தோள் வெளுத்தது. கோலின் வளையங்களில் பனிக்கட்டி கட்டியது. அவள் கோலைத் தாழ்த்தி, ஒவ்வொரு வளையத்தையும் வாயில் வைத்து ஊதிக் கரைத்தாள். மீனிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அடுத்த வீச்சில் நரம்பு ஒரு நூலளவு நின்றது. ராசிமுக்கு அது தெரியவே இல்லை. ஜும்ராவின் மணிக்கட்டு மட்டும் எழுந்தது, கோல் வளைந்தது.

"பிஸ்மில்லா" என்றார் ராசிம்.

மீன் மரத்தடிக்குப் பாய்ந்தது. எதிர்முள் இல்லாத முள். நரம்பு ஒரு நொடி தொய்ந்தால் கழன்றுவிடும். இழுத்துப் பிடித்தால் அறுந்துவிடும். அவள் கோலைத் தண்ணீரோடு சாய்த்து, மரத்துக்கு எதிர்ப்பக்கம் மீனின் தலையைத் திருப்பி, தானும் கரையோடு நான்கு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தாள், சரளையில் கால் படாமல். கைவலை மீனுக்கு அடியில் போனது.

"கேனு, அண்ணே!"

ராசிம் கேனை நிரப்பப் போனார். அதற்குள் அவள் குரல் மாறியது. "வேணாம். நில்லு. முட்டை விடுறா, இங்கயே விடுறா."

வலையின் கண்ணியில் நாலைந்து முட்டைகள் ஒட்டியிருந்தன, செம்மணி மாதிரி. வயிறு தானாகக் கசிய ஆரம்பித்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் கேனில் குலுங்கினால் எல்லாம் கேனிலேயே கொட்டிப் பாழாகும்.

"இங்கயே எடுத்துடலாம். இதுக்குன்னுதான் கிண்ணம் கொண்டாந்தேன். ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. தண்ணி பட்டா முட்டை ஒரே நிமிஷத்துல கதவைச் சாத்திக்கும், அப்புறம் ஆம்பளைப் பாலை ஊத்தினாலும் உள்ள போவாது. கிண்ணத்தைக் குடு."

ராசிம் கிண்ணத்தைப் பார்த்தார். ஓரம் பெயர்ந்த இடங்களில் ஈரம் மெல்லிய கண்ணாடியாக உறைந்திருந்தது.

"கழுவிட்டேன்" என்றார்.

"என்னது?"

"அழுக்கா இருந்துச்சு. கழுவிட்டேன், ஜும்ரா."

அவள் ஒரு மூச்சு விட்டாள். "ஊரே உன்னைச் சுத்தக்காரன்னு சொல்லும்போது நானும் பெருமைப்பட்டேன் பாரு. துண்டு?"

"அதாலதான் தொடச்சேன்."

அவள் கை இரண்டும் தண்ணீருக்குள், வலையில் மீனை நீரோட்டத்துக்கு எதிரே பிடித்தபடி இருந்தன. கை சிவப்பைத் தாண்டி வெளுக்க ஆரம்பித்திருந்தது. சுற்றிலும் இருந்த எல்லாப் பொருளின்மேலும் பனி விழுந்துகொண்டிருந்தது. உலகத்தில் உலர்ந்த பொருள் ஒன்றுகூட இல்லை என்று ராசிமுக்குத் தோன்றியது. பிறகு கை தானாக மார்புப் பக்கம் போனது.

ஈ வைக்கும் தகர டப்பா. கோட்டுக்குள், சட்டைக்கு மேல், தனிப் பையில். முள் துருப்பிடிக்கக்கூடாது என்று உள்ளே ஒரு துணி முடிச்சில் அரிசி போட்டு வைப்பார். மாதம் ஒருமுறை அரிசியை மாற்றுவார். அதைச் சொல்லித்தான் ஜும்ரா முப்பது வருஷமாகக் கேலி செய்கிறாள், "அண்ணன் ஈக்குச் சோறு போடுறாரு" என்று. அவர் குனிந்து, முதுகைக் கூடாரமாக்கி, டப்பாவைத் திறந்து, ரகம் ரகமாக, அளவு அளவாக அடுக்கியிருந்த ஈக்கள் அத்தனையையும் தொப்பிக்குள் கவிழ்த்தார். தக்கைத் தட்டைப் பிய்த்து எறிந்தார். அடித் தகரத்தை விரலால் தடவினார். எலும்பு மாதிரி உலர்ந்திருந்தது.

"மீனையும் தொடைக்கணும். துணி?"

ராசிம் கோட்டைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த கம்பளிச் சட்டையைத் தலைவழியே உருவிவிட்டு, கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அண்ணி பாத்தா என்ன சொல்லும்?"

"அவ சொல்றதுக்கு நான் உசிரோட இருக்கணும். சீக்கிரம் ஆவட்டும்."

ஜும்ரா மீனைச் சட்டையில் சுற்றி ஒற்றி எடுத்தாள், வால் பக்கம் மட்டும் வெளியே. ராசிம் கோட்டை விரித்துப் பனிக்கு மறைப்புக் கட்டினார். அவள் கட்டைவிரல் வயிற்றின்மேல் ஒருமுறை இறங்கியது, அழுத்தாமல், வழிகாட்டுகிற மாதிரி. முட்டைகள் வந்தன. தகரத்தில் சத்தமே இல்லாமல் வழிந்து நிறைந்தன. ராசிமின் மீசையிலிருந்து ஒரு பனித்துளி உருகி, அவர் தலையைத் திருப்புவதற்குள், டப்பாவின் மூலையில் விழுந்தது. இருவரும் பார்த்தார்கள்.

டப்பா மூடப்பட்டது. பெண் மீனை அவள் தண்ணீரில் தாங்கிப் பிடித்தாள். அது செவுளை நாலைந்து முறை விரித்தது, பிறகு அவள் விரலைத் தட்டிவிட்டு மரத்தடிக்குப் போனது.

"இப்ப மாப்பிள்ளை" என்றாள். "மூடி வெச்சா குளிர்ல ஒரு மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல நான் நம்ப மாட்டேன். வெளிச்சமும் அதுக்கு மேல இல்ல."

பஞ்சமே இல்லை என்று அவள் சொன்ன ஆண் மீன் ஒன்றையும் இப்போது காணவில்லை. மடு கலங்கிவிட்டது. அவள் மேலே போனாள், கீழே வந்தாள். அரை மணி நேரம் போனது. ராசிம் டப்பாவைக் கோட்டுக்கு வெளியே வைக்க முடியாது, பனி. உடம்போடு ஒட்டியும் வைக்க முடியாது, சூடு. கோட்டுக்கும் வெற்று மார்புக்கும் நடுவே, இரண்டிலும் படாமல் கையில் ஏந்திக்கொண்டு நின்றார்.

சரளையின் தலைமாட்டில் ஒரு முதுகு புரண்டது. ஆண்தான். தாடை வளைந்த கிழவன், குழியைக் காவல் காத்துக்கொண்டு நின்றான். இறால் ஈ அவன் மூக்கடியில் மூன்று முறை போயும் கண்டுகொள்ளவில்லை.

"இவனுக்குப் பசியில்ல, கோவம்தான் இருக்கு. பெரிசா, அசிங்கமா ஒண்ணு குடு."

ராசிம் தொப்பியில் ஒரு கையால் துழாவினார். சேவல் கழுத்து இறகில் கட்டிய சிவப்பு ஈ ஒன்று இருந்தது. ஜும்ரா அதை வாங்கி முடிச்சுப் போடப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை. நரம்பு இரண்டு முறை நழுவியது.

"அண்ணே, கை செத்துப்போச்சு."

அவள் ராசிமின் கோட்டுக்கு அடியில் கை நுழைத்து டப்பாவைப் பிடித்துக்கொண்டாள். ராசிம் முடிச்சைப் போட்டார். அவருடைய மூக்குக்கண்ணாடியில் ஆவி பிடித்திருந்தது. பார்க்காமலே போட்டார், ஐந்து சுற்று, எச்சில், இறுக்கம். டப்பா அவர் கைக்குத் திரும்பியது.

சிவப்பு ஈ குழிக்குக் குறுக்கே நீந்தியது. கிழவன் அதை விரட்டவில்லை, அடித்தான். கோல் பாதிவரை வளைந்தது. அவன் நேரே கீழ்நீரில் இறங்கி, சரளையைக் கடந்து, அவள் கால் வைக்க முடியாத இடத்துக்குப் போனான். கரை அங்கே பாறையாக முடிந்தது. அவள் குழிகளுக்கு வெளியே, ஆழத்தில் இறங்கினாள். தண்ணீர் மார்புக்கு வந்தது. ராசிமுக்கு ஓடிப்போய் வலை பிடிக்க வேண்டும் போலிருந்தது. கையில் ஆயிரம் முட்டை. அசையாமல் நிற்பதைவிடக் கடினமான வேலை அவர் மர ஆலையில் முப்பது வருஷத்தில் செய்ததில்லை.

"ஜும்ரா, கால் ஊனி நில்லு!"

"நீ டப்பாவைப் பாரு!"

அவள் ஒருமுறை சறுக்கினாள். தொப்பி மட்டும் தெரிந்த ஒரு கணம் இருந்தது. பிறகு முழங்கை, பிறகு கோல். இன்னமும் வளைந்தே இருந்தது. வலைக்காம்பைப் பல்லால் கடித்து உருவினாள். விரல் மூடாத கையை வலைக்குள் விட்டு, வலையை மீனுக்கு அடியில் தள்ளி, மொத்தத்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரை ஏறினாள். உடம்பிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"கிட்ட வராத, சொட்டும்! சட்டையைத் தூக்கிப் போடு!" என்றாள்.

கிழவனைச் சட்டையின் உலர்ந்த கையில் சுற்றினாள். ராசிம் டப்பாவைத் திறந்து, கையை எட்டும் மட்டும் நீட்டினார். வெள்ளையாக ஒரு பீச்சல். இன்னொன்று. போதும். கிழவன் ஆற்றுக்குப் போனான்.

"கலக்கணும். விரல் ஆகாது. இறகு..."

இறகு கேட்டு ராசிமிடம் யாரும் இரண்டாம் முறை கேட்க வேண்டியதில்லை. உள்பையில் காகித உறையில் வாத்து இறகு இருந்தது. அவர் அதன் நுனியால் கிளறினார், ஈயின் சிறகைக் கோதுகிற மாதிரி. ஜும்ரா உதடு நடுங்க நூறுவரை எண்ணினாள். அதன் பிறகுதான் அவள் உள்ளங்கையால் லிசாவாவை அள்ளி, டப்பாவில் ஊற்றினாள்.

வெளிச்சம் போயிருந்தது. அவள் பல் கிட்டிப் பேசினாள். "நடக்கலாம் அண்ணே. நின்னா செத்துருவேன்."

திங்கட்கிழமை விளாட்கோ குஞ்சுக்கூடத்துக்கு வந்து தொட்டியைப் பார்த்தார். ஒரு பிடி முட்டைகள் ஏற்கெனவே பால் வெள்ளையாகச் செத்திருந்தன. அது எந்தத் துளியின் வேலை என்று ராசிமுக்குத் தெரியும்.

"மிச்சம் உசிரோட இருக்குன்னு எப்படிச் சொல்ற?"

"முப்பது நாள் குடுங்க. கண்ணு வந்தா உசிரு. வரலைன்னா நானே லாரிக்குப் போன் போடுறேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே லாரியைத் தள்ளிப்போட்டார். முப்பது நாளும் அவள் காலையில் வந்து செத்த முட்டைகளை இடுக்கியால் பொறுக்கினாள், மற்றதற்குப் பூஞ்சை தொற்றாமல். ராசிம் தொப்பியிலிருந்த ஈக்களை ரகம் பிரிக்க உட்கார்ந்தார். பாதியில் எழுந்து எழுந்து குஞ்சுக்கூடத்துக்குப் போனார். அவள் "போய் வேலையைப் பாரு அண்ணே" என்று விரட்டினாள்.

முப்பத்தோராம் நாள் விளாட்கோவும் இருந்தார். ஜும்ரா பலகையைத் தூக்கி, டார்ச்சை ஓரமாகப் பிடித்தாள். ராசிம் ஈ கட்டும் பூதக்கண்ணாடியைத் தண்ணீர்மேல் வைத்தார். ஒவ்வொரு செம்மணிக்குள்ளும் இரண்டு கரும்புள்ளிகள். ஒன்று அசைந்தது.

விளாட்கோ வெகுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு வாசலுக்குப் போய்ப் போனை எடுத்தார். "ஆமா, நான்தான். லாரி வேணாம்யா. இல்ல, வேற பண்ணைல வாங்கல. எங்க ஆத்துக்கு ஆளு வந்துட்டு இருக்கு."

ராசிம் இன்னும் பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. ஜும்ரா அவர் கையை மெல்லத் தள்ளினாள்.

"போதும் அண்ணே, எடு. அதுங்களுக்கு வெளிச்சம் ஆகாது" என்று டார்ச்சை அணைத்துப் பலகையை மூடினாள்.